துக்க வீட்டுக் காப்பி

கள்ளக்குறிச்சியில் நான் படித்த பள்ளிக்கூடத்தில் இன்றைக்கும் அரபி சொல்லிக்கொடுக்கிறார்கள். போன மாதம் அந்த வகுப்புப் பிள்ளைகளிடம் நாலு வார்த்தை பேசச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். சால்வை போட்டு மைக்கைக் கையில் கொடுத்ததும் முன்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள்.

“ஐயா, இப்பதான் போன்லயே எல்லா பாஷையும் வருதேங்க. நாம தமிழ்ல பேசுனா அதுவே அரபியில சொல்லிடுது. அப்புறம் இன்னாத்துக்குங்க இதைக் கஷ்டப்பட்டு கத்துக்கினு கெடக்கணும்?”

வகுப்பே சிரித்தது. ஆசிரியர் அவளை முறைத்தார். எனக்கும் சுருக்கென்று கோபம் வந்தது, மறைப்பானேன். ஆயுளில் பாதியை இந்தப் பாஷையை வைத்துக் கஞ்சி குடித்தவனிடம் கேட்கிற கேள்வியா அது?  பொதுவாக எதையோ சொல்லிச் சமாளித்துவிட்டு இறங்கிவிட்டேன். வடக்கனந்தல் பஸ்ஸில் வரும்போதுதான் சடையன் ஞாபகம் வந்தது. அவளுக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது சடையன் கதையைத்தான்.

நானும் ஒன்றும் ஆசைப்பட்டு அரபி படித்தவன் இல்லை. எங்களுடையது கரும்பும் மரவள்ளியும் போடுகிற குடும்பம். நான் ஒன்பதாம் வகுப்புக்குப் போன வருஷம் பள்ளியில் அரபி வகுப்புக்கு ஆள் பற்றவில்லை. ஆள் குறைந்தால் முன்ஷியின் வேலைக்கு ஆபத்து. அரபி ஆசிரியரை அங்கே முன்ஷி என்றுதான் சொல்வார்கள். தலைமை ஆசிரியர் வகுப்பு வகுப்பாக வந்து, “யாருப்பா சேர்றீங்க? எக்ஸ்ட்ரா பாடம்தான், மார்க் போனாலும் ஃபெயிலாக்க மாட்டோம்” என்று காய்கறி விற்கிற மாதிரி கூவினார். முன்ஷி பிள்ளைகளை அடிக்க மாட்டார் என்று கேள்விப்பட்டிருந்தேன். கணக்கு வாத்தியார் பிரம்புக்குத் தப்பினால் போதும் என்று கையைத் தூக்கினேன். அவ்வளவுதான் என் மொழி ஆர்வம்.

அந்தப் பாஷையில் பாதி எழுத்து தொண்டையில் பிறக்கிறது. வீட்டில் மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டே சொல்லிப் பார்ப்பேன். “இன்னாடா இது, தொண்டையில முள்ளு மாட்னா மாதிரி கத்திக்கினு? மாடு மெரளுதுடா!” என்று அம்மா ஏசுவாள். முன்ஷி எழுத்தோடு விடவில்லை. அரபிகளின் வீட்டுக்குள் எப்படி நுழைவது, எந்தக் கையால் வாங்குவது, விஷயத்துக்கு வருமுன் எத்தனை சுற்று நலம் விசாரிப்பது என்று வகுப்பறைக் கதவுக்கு வெளியே எங்களை நிறுத்தி, உள்ளே வரவைத்து, திருப்பி அனுப்பி மறுபடி வரவைப்பார். மற்ற வகுப்புப் பையன்கள் ஜன்னலில் தொங்கிக்கொண்டு சிரிப்பார்கள். எனக்கு அது நாடகம் மாதிரி இருந்தது, பிடித்துவிட்டது.

பிறகு எல்லோரையும் போல வளைகுடாவுக்குப் போனேன். எந்த நாடு என்று சொல்லப்போவதில்லை, அந்தக் குடும்பம் இன்னும் அங்கே இருக்கிறது. சாமான் கிடங்கில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த எனக்கு அரபி எழுதப் படிக்க வரும் என்பதைக் கண்டுபிடித்து, கோர்ட்டில் தமிழுக்கு மொழிபெயர்ப்பாளனாகக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அங்கேதான் இத்ரீஸிடம் மாட்டினேன்.

இத்ரீஸ் சூடான் நாட்டுக்காரர். கோர்ட்டில் இருந்த மொழிபெயர்ப்பாளர்கள் அத்தனை பேருக்கும் மேலாளர். பனைமர உயரம், வெள்ளை அங்கி, வெள்ளைத் தலைப்பாகை. தலைப்பாகை கலைந்து ஒருநாளும் நான் பார்த்ததில்லை. கோர்ட்டுக்குள் நுழையுமுன் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போடுவார். மணி பார்க்கிறவன் வார்த்தையைச் சுருக்குவான் என்பது அவர் கட்சி. பேசுகிறவருக்கு அரையடி பின்னால் நின்று தரையைப் பார்ப்பார். எங்களையும் அப்படித்தான் நிற்கவைப்பார். முகத்தைப் பார்த்தால் இரக்கம் வரும், இரக்கம் வந்தால் வார்த்தை கோணும் என்பார்.

முதல் வழக்கிலேயே வாங்கிக் கட்டிக்கொண்டேன். நம் ஊர்க்காரன் ஒருவன், “நான்தான் எடுத்தேன்” என்று ஒப்புக்கொண்டான். ‘தான்தான் எடுத்ததாக அவன் சொல்கிறான்’ என்று நான் அரபியில் சொன்னேன். சபை கலைந்ததும் இத்ரீஸ் என்னைச் சுவர் ஓரம் கொண்டுபோய் நிறுத்தினார். குரலை உயர்த்தவே இல்லை.

“அவன் ‘நான்’ என்றால் நீயும் ‘நான்’ என்றுதான் சொல்ல வேண்டும். ‘அவன் சொல்கிறான்’ என்றாயே, அந்த இடத்திலேயே நீ கையைக் கழுவிக்கொண்டாய். அவன் தனியாகி விட்டான்.”

இன்னொரு விதியும் உண்டு. வாயில் வந்த வார்த்தையைச் சுமப்பதுதான் நம் வேலை. ஒருவன் ஏன் தலையாட்டினான், ஏன் கையைக் கட்டினான் என்று நாமாக விளக்கம் சொல்லக்கூடாது. அவர்களே கேட்டால் மட்டும் உள்ளதைச் சொல்லலாம். ஒருமுறை ஒரு குடிகாரன் நீதிபதியைக் கேட்கக்கூடாத கேள்வியெல்லாம் கேட்டான். நான் திருதிருவென்று விழித்தேன். “கொண்டுவா” என்றார் பின்னாலிருந்து இத்ரீஸ். நடுங்கிக்கொண்டே நீதிபதியின் அம்மாவைப் பற்றி, நீதிபதியின் முகத்துக்கு நேரே, ‘நான்’ போட்டுச் சொன்னேன். அவர் தாடியைத் தடவிக்கொண்டு எழுதிக்கொண்டார். 

சடையன் வந்தது எனக்கு இந்த விதியெல்லாம் ரத்தத்தில் ஊறிய பிறகு.

அவன் நம் கல்வராயன் மலைக்காரன், வெள்ளிமலையைத் தாண்டி உள்ளே. சாமையும் வரகும் போடுகிற குடும்பம். மலைப்பாதையில் ஜீப் ஓட்டியவன், அங்கே தண்ணீர் லாரி ஓட்டப் போயிருந்தான். மலையில் ஜீப்பை ரிவர்ஸ் எடுக்கும்போது ஒருவர் இறங்கி வண்டியின் பின்பக்கத்தைக் கையால் தட்டுவார். ‘டப்’பென்று தட்டினால் டிரைவர் நிறுத்துவார், தட்டாதவரை வந்துகொண்டே இருப்பார். மேலேயும் கீழேயும் போய்வந்தவர்களுக்கு இது தெரியும். கண்ணாடியைவிடக் காதைத்தான் நம்புவார்கள். பாலைவனத்தில் ஒட்டகப் பட்டி ஒன்றுக்குத் தண்ணீர் கொண்டுபோன சடையன் தொட்டிக்குப் பக்கமாக லாரியைப் பின்னால் எடுத்தான். ஒரே புழுதி. காதைத் தீட்டிக்கொண்டு எடுத்தானாம். தட்டு விழவில்லை. பின்னால் நின்ற பட்டிக்காரர் மகன் சக்கரத்தில் விழுந்து செத்துப்போனான். ஸாலிம் என்று பெயர், மீசை அரும்பிய வயசு, வீட்டுக்கு ஒரே ஆண்பிள்ளை.

அந்த ஊர்ச் சட்டப்படி, செத்தவனின் தகப்பன் ஈட்டுத்தொகை வாங்கிக்கொள்ளலாம், வாங்காமல் மன்னித்தும் விடலாம். எது சொன்னாலும் வழக்கு முடியும். இந்தத் தகப்பன் இரண்டும் சொல்லவில்லை. கோர்ட்டுக்குக் கூப்பிட்டால் வருவார், உட்காருவார், வாயைத் திறக்காமல் எழுந்து போய்விடுவார். அவர் திறக்காதவரை சடையன் சிறையை விட்டு வெளியே வர முடியாது. மலையில் அவன் பெண்டாட்டி கைக்குழந்தையை வைத்துக்கொண்டு கிடந்தாள். “எப்பங்கண்ணா வுடுவாங்க?” என்று என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பான். எனக்கு என்ன தெரியும்?

ஒருநாள் தகப்பனிடமிருந்து ஆள் வந்தது. அவனை என் வீட்டுக்குக் கொண்டுவாருங்கள், முகத்தைப் பார்க்க வேண்டும் என்று. இத்ரீஸ் அலைந்து அனுமதி வாங்கினார். போலீஸ் வண்டியில் சடையன், நான், இத்ரீஸ்.

“அவர இன்னான்னு கூப்புடணுங்கண்ணா?” என்றான் சடையன் வழியில்.

“அபூ ஸாலிம்னு கூப்புடுவாங்க. ஸாலிமோட அப்பான்னு அர்த்தம். மூத்த பிள்ள பேர வெச்சுத்தான் இங்க கூப்புடறது.”

அவன் முகம் சிறுத்துவிட்டது. “இப்பவுமா? பூட்ட புள்ள பேரச் சொல்லியா கூப்புடறாங்க?”

“சாவற வரிக்கும் அதான் பேரு.”



நீளமான கூடம். சுவர் ஓரமாகத் திண்டுகள். நடுவில் அபூ ஸாலிம், இரண்டு பக்கமும் அவருடைய தம்பிகள். எலும்பும் தோலுமாக இருந்தார். நலம் விசாரிப்பெல்லாம் முறையாக நடந்தது. சடையனை அவர் வெகுநேரம் பார்த்தார். சடையன் தரையைப் பார்த்தான். பிறகு காப்பி வந்தது. ஏலக்காய் போட்ட கசப்புக் காப்பி, பிடியில்லாத சின்னக் கோப்பையில், அடியில் கொஞ்சமாக. எனக்கு, இத்ரீஸுக்கு, கடைசியில் சடையனுக்கு. அவன் வலது கையால் பதவிசாக வாங்கினான். வாங்கி, குடிக்காமல் தன் முன்னால் தரையில் வைத்துவிட்டான்.

கூடம் அப்படியே அடங்கிப்போனது.

பாலைவனத்துக் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. வந்தவன் காப்பியை வாங்கிக் குடிக்காமல் கீழே வைத்தால், அவனுக்கு வீட்டுக்காரரிடம் பெரிய கோரிக்கை இருக்கிறது என்று அர்த்தம். ‘குடி, கேட்டது நடக்கும்’ என்று வீட்டுக்காரர் வாக்குக் கொடுத்த பிறகுதான் குடிப்பான். வாக்குக் கிடைக்காமல், குடிக்காமலே அவன் எழுந்து போனால் வீட்டுக்குத் தலைகுனிவு. கொலைப்பகைகூட இப்படி ஒரு கோப்பையில் தீர்ந்திருக்கிறது.

ஆனால் சடையனுக்கு இது எங்கே தெரியும்? அவன் ஏன் வைத்தான் என்று அந்தக் கூடத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். நம் பக்கம் துக்கம் விசாரிக்கப் போன வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக்கூடாது. எத்தனை மாதம் கழித்துப் போனாலும் முதல் தடவை காலெடுத்து வைப்பது துக்கத்துக்குத்தான். அவன் எழவு வீட்டுக்கு வந்திருந்தான், அவ்வளவுதான்.

தம்பிகளில் ஒருவர் என்னைப் பார்த்துச் சீறினார். “நீதானே சொல்லிக்கொடுத்தாய்?”

“இல்லை, அல்லாஹ்மேல் ஆணை” என்றேன். அது சத்தியம். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இத்ரீஸைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அபூ ஸாலிமின் கண் கோப்பையை விட்டு நகரவே இல்லை. கடைசியில், “உனக்கு என்ன வேண்டும்?” என்றார்.

 “இன்னா வேணும் உனுக்கு?” என்று தமிழில் சொன்னேன். அடுத்து இரண்டே வார்த்தை சேர்த்தால் போதும், ‘மன்னிப்பு கேளுடா’ என்று. அங்கே தமிழ் தெரிந்தவர் யாருமில்லை. நாக்கு நுனிவரை வந்தது. மென்று விழுங்கினேன். கேளுடா, கேளுடா பாவி என்று மனசுக்குள்ளே மன்றாடினேன்.

சடையன் யோசித்தான். கேட்டதை நம்பாதவன் மாதிரி என்னைப் பார்த்தான்.

“அந்தத் தம்பியப் பொதச்ச எடத்த ஒருக்கா காட்டுவாங்களான்னு கேளுங்கண்ணா. நான் இன்னும் போயி ஒரு கும்புடு போடலியே.”

அட கிறுக்கா! பெண்டாட்டி பிள்ளை, சிறை, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. அதைப் போய் ஒரு மண்மேட்டுக்குச் செலவழித்துவிட்டானே!  ஆனாலும் ‘நான்’ போட்டு, ஒரு எழுத்துக் குறையாமல் கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

அபூ ஸாலிம் கோப்பையிலிருந்து கண்ணை எடுத்துச் சடையனைப் பார்த்தார். பிறகு, “நடக்கும். குடிக்கச் சொல்” என்றார்.

சொன்னேன். சடையன் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டான். “எழவு வூட்டுல எப்டிங்கண்ணா?”

“கேட்டதைக் கொடுத்தாயிற்றே, பிறகும் ஏன் குடிக்க மாட்டேன் என்கிறான்?” என்று அபூ ஸாலிம் என்னைக் கேட்டார். கேட்டுவிட்டார், இனி மறைக்க முடியாது. துக்க வீட்டில் நாங்கள் எதையும் வாயில் வைப்பதில்லை, அதனால்தான் வைத்தான், உங்கள் வழக்கம் அவனுக்குத் தெரியாது என்று உள்ளதைச் சொன்னேன்.

தம்பி துள்ளி எழுந்தார். “அப்படியானால் வாக்குச் செல்லாது!”

“உட்கார்” என்றார் அபூ ஸாலிம். கண் நிறைந்துவிட்டது. “ஊரார் வந்தார்கள், அழுதார்கள், போனார்கள். இப்போது கல்யாணத்துக்கு அழைக்க வருகிறார்கள், ஒட்டகம் விலை பேச வருகிறார்கள். இவனுக்கு மட்டும்தான் இது இன்னும் துக்க வீடாக இருக்கிறது. அந்தக் கோப்பையை எடுத்துவிடுங்கள்.”

சாயங்காலம் கல்லறைக்குப் போனோம். பெரிய பொட்டல். பெயர் கிடையாது, பூ கிடையாது. நீள நீளமாக மண்மேடுகள், தலைமாட்டில் ஒரு கல். எது என்று அபூ ஸாலிம் கையைக் காட்டினார். சடையன் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். அவர்களுடைய மார்க்கத்தில் அதற்கு இடமில்லை. போலீஸ்காரர் தூக்கிவிடப் பாய்ந்தார். அபூ ஸாலிம் தடுத்தார். “விடுங்கள். அவனுக்குத் தெரிந்த விதத்தில் அழுகிறான்.”

சடையன் எழுந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மண்ணைத் தடவிக்கொண்டே பேசினான்.

“கண்ணு, நீ பின்னால நிக்கறது எனுக்குத் தெரியலடா. காதத் தீட்டிக்கினுதான்டா வந்தேன். ஒரு தட்டு தட்டியிருந்தா நின்னிருப்பனே. ஒரு கொரலு குடுத்திருக்கக் கூடாதா?”

“என்ன சொல்கிறான்?”

அரையடி பின்னால் நின்று, தரையைப் பார்த்து, ‘நான்’ என்று ஆரம்பித்தேன். அதோடு நின்றுவிட்டேன். தோளில் ஒரு கை விழுந்தது, இத்ரீஸுடையது. எனக்குத் தெரிந்து யாரையும் அவர் தொட்டதில்லை. “கொண்டுவா” என்றார். அழுதுகொண்டே சொல்லி முடித்தேன். தட்டு என்றால் என்ன என்று அபூ ஸாலிம் கேட்டார். மலையில் ஜீப்பைத் தட்டி நிறுத்துகிற வழக்கத்தை விளக்கினேன்.

அவர் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

“அவனைப் பின்னால் போய் நில் என்று அனுப்பியது நான்தான். தொட்டியில் லாரி இடிக்கப்போகிறது, போய்க் கையைக் காட்டு என்றேன். அவன் கையைக் காட்டிக்கொண்டுதான் நின்றிருப்பான். புழுதியில் யார் கண்ணுக்குத் தெரியும்? கோர்ட்டில் இதை யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. இவனை மன்னித்துவிட்டால் பிறகு மிச்சம் இருப்பது நான் ஒருவன்தானே!”

பிறகு இத்ரீஸையும் போலீஸ்காரரையும் பார்த்து, “மன்னித்தேன். சாட்சியாக இருங்கள்” என்றார்.

அத்தனையையும் சடையனிடம் தமிழில் சொன்னேன், ‘நான்’ போட்டே சொன்னேன். மன்னித்தேன் என்றதும் துள்ளுவான், காலில் விழுவான் என்று எதிர்பார்த்தேன். அந்த வார்த்தை அவன் காதில் ஏறினதாகவே தெரியவில்லை. மண்ணில் உட்கார்ந்திருந்த பெரியவரையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தவழ்ந்த மாதிரி அவர் பக்கத்தில் போனான்.

“ஐயா நல்லதுக்குத்தான அனுப்புனாரு? வேணும்னா செஞ்சாரு? அவரு மேல ஒரு தப்பும் இல்லீங்கன்னு சொல்லுங்கண்ணா.”

“உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை” என்றேன் அரபியில்.

அபூ ஸாலிம் நிமிர்ந்தார். அவர் சடையனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

“இன்னொரு முறை சொல்” என்றார்.

சொன்னேன். மறுபடியும் கேட்டார், மறுபடியும் சொன்னேன். இருட்டுகிறவரை அவர் கேட்டுக்கொண்டே இருந்தார், நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன்.